பட்டன் பெட்டி வந்ததா, வந்தனவா?

கேள்வி:

வணக்கம் சார். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான்கு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஊர் தாராபுரம் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். வெளிநாட்டு பையர்களுக்கு (சரக்கு வாங்குகிறவர்களுக்கு) மெயில் எழுதுவதுதான் என் வேலையில் பாதி. போன வாரம் முதலாளி மகன் என் மெயில் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் மூன்று இடத்தில் வட்டம் போட்டு, செக்கிங் டேபிளில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுப் போய்விட்டார். ‘தி குவாலிட்டி ஆஃப் தி ஃபேப்ரிக்ஸ் ஆர் குட்’, ‘ஒன் ஆஃப் தி கார்ட்டன்ஸ் ஆர் டேமேஜ்டு’, ‘தி லிஸ்ட் ஆஃப் ஸ்டைல்ஸ் ஆர் அட்டாச்டு’. மூன்றிலும் ‘ஆர்’ தப்பாம். எனக்கு விதி தெரியும் சார். ஹி, ஷி, இட் வந்தால் வினையில் ‘எஸ்’ சேர்க்க வேண்டும், தே வந்தால் சேர்க்கக் கூடாது. ஆனால் எழுதும்போது கை தானாக ‘ஆர்’ போட்டுவிடுகிறது. தமிழ் மீடியத்தில் படித்ததால்தான் இப்படியா? மறுபடி முதலிலிருந்து கிராமர் படிக்க வேண்டுமா? ‘ஹோப் யு ஆர் ஃபைன் அண்ட் யுவர் ஃபேமிலி ஆர் ஆல்சோ ஃபைன்.’ இதிலும் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.
பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

அம்மிணி, மூன்றும் தப்புதான். வட்டம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. காகிதத்தை வைத்த இடம்தான் சரியில்லை. டேமேஜ் பீஸ் ஒதுக்குகிற மேஜையில் ஒருத்தர் எழுதியதை வைத்துவிட்டுப் போவது என்ன பழக்கமோ. அதை அவரிடம் பெரியவர்கள் யாராவது சொல்லட்டும். நாம் ‘ஆர்’ பக்கம் வருவோம்.

மூன்று தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை ஒரே தப்பு மூன்று தடவை வந்திருக்கிறது. ‘ஆர்’ என்ற சொல்லை ஒட்டி அதற்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஃபேப்ரிக்ஸ், கார்ட்டன்ஸ், ஸ்டைல்ஸ். மூன்றும் பன்மை. உங்கள் கை பக்கத்தில் நின்றவரைப் பார்த்து ‘ஆர்’ போட்டிருக்கிறது. விதி தெரியாத கை அப்படிப் போடாது. பன்மை என்றால் ‘ஆர்’ என்று நன்றாகப் பழகிய கைதான் போடும். அதனால் அதே விதியைத் திரும்பப் படித்து ஒரு பிரயோசனமும் இல்லை. எந்தச் சொல்லைப் பார்த்து விதியைப் போடுவது என்பதில்தான் சிக்கல்.

அந்தச் சிக்கல் தமிழ் மீடியத்திலிருந்து வரவில்லை. ஆனால் தமிழிலிருந்து வருகிறது. இரண்டும் வேறு வேறு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

உங்கள் முதல் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘துணிகளின் தரம் நன்றாக இருக்கிறது.’ எது நன்றாக இருக்கிறது? தரம். அந்தத் ‘தரம்’ எங்கே நிற்கிறது? கடைசியில், வினைக்குப் பக்கத்தில். நம் மொழியில் அடைமொழி, வேற்றுமை, பெயரெச்சம் எல்லாம் முன்னால் வந்துவிடும். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது கடைசியில் வரும். ‘நேற்று கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்த, பட்டன்கள் இருக்கிற பெட்டி’ என்று எவ்வளவு நீட்டினாலும் பெட்டி கடைசியில்தான். வினை வந்து நிற்கும்போது கைக்கெட்டுகிற தூரத்தில் பெட்டி இருக்கும். பிறந்ததிலிருந்து நம் காது இதற்குப் பழகியிருக்கிறது: பக்கத்தில் நிற்பவர்தான் எஜமான்.

மாப்பிள்ளை அழைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் மேளக்காரர் முன்னால் போவார், அப்புறம் சீர்த்தட்டு, அப்புறம் சொந்தபந்தம், எல்லாம் போன பிறகுதான் மாப்பிள்ளை. தமிழ்ச் சொற்றொடர் அப்படித்தான் நடக்கும். ஆங்கிலத்தில் தலைகீழ். மாப்பிள்ளை விறுவிறுவென்று முதலில் போய்விடுவார். ‘ஆஃப்’, ‘இன்’, ‘வித்’, ‘பிட்வீன்’ என்று கையைக் கோத்துக்கொண்டு ஒன்றுவிட்ட சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் பின்னால் வருவார்கள். வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கிற வினைச்சொல், கடைசியாகக் கண்ணில் பட்டவருக்குச் சுற்றிவிட்டால் என்ன ஆகும்? அதுதான் உங்கள் மெயிலில் ஆகியிருக்கிறது. ஆரத்தி பெரியப்பாவுக்குப் போய்விட்டது.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. சந்தேகம் வருகிற சொற்றொடரைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வாய்விட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. கடைசியில் வந்து நிற்கிற பெயர்ச்சொல் எதுவோ அதுதான் மாப்பிள்ளை. அது ஒருமையா பன்மையா என்று பார்த்து வினையைப் போடுங்கள். ‘பெட்டிகளில் ஒன்று’: கடைசியில் ஒன்று, ஆகவே ‘ஒன் ஆஃப் தி கார்ட்டன்ஸ் இஸ் டேமேஜ்டு’. ‘ஸ்டைல்களின் பட்டியல்’: கடைசியில் பட்டியல், ஆகவே ‘தி லிஸ்ட் ஆஃப் ஸ்டைல்ஸ் இஸ் அட்டாச்டு’. தலைகீழாகவும் வரும். ‘காலரின் அளவுகள்’ என்றால் கடைசியில் அளவுகள். ‘தி மெஷர்மென்ட்ஸ் ஆஃப் தி காலர் ஆர் ராங்’ என்றுதான் எழுத வேண்டும், பக்கத்தில் காலர் ஒற்றையாக நின்றாலும்.

உங்கள் வேலையில் தினமும் வருகிற மாதிரி ஒரு நீளமான வாக்கியம் பார்ப்போம். ‘தி ஷேட் வேரியேஷன் பிட்வீன் தி ஃப்ரன்ட் பேனல்ஸ் அண்ட் தி ஸ்லீவ்ஸ் இன் த்ரீ கார்ட்டன்ஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்து ‘இஸ்’ போடுவதா ‘ஆர்’ போடுவதா என்று கை நிற்கிறது. கண் முன்னால் பேனல்ஸ், ஸ்லீவ்ஸ், கார்ட்டன்ஸ் என்று ஒரே பன்மைக் கூட்டம். தமிழில் சொல்லுங்கள்: ‘மூன்று பெட்டிகளில் முன்பக்கத் துண்டுகளுக்கும் கைகளுக்கும் நடுவில் இருக்கிற ஷேட் வித்தியாசம்.’ வித்தியாசம் ஒன்றுதான். ‘இஸ் நாட் அக்செப்டபிள்’. பையர் எழுதினாலும் இதுதான், நீங்கள் டையிங்காரருக்கு எழுதினாலும் இதுதான்.

இதே வழியில் இன்னும் சில முடிச்சுகள் தானாக அவிழும். ‘தி மேனேஜர் அலாங் வித் டூ டெய்லர்ஸ்’ என்றால் மூன்று பேர் ஆயிற்றே, ‘ஹேவ்’ போடலாமா என்று கேட்பார்கள். ‘இரண்டு டெய்லர்களோடு மேனேஜர்’ என்று சொல்லிப் பாருங்கள்; மேனேஜர் கடைசியில், ‘ஹேஸ்’. ‘ஈச் ஆஃப் தி பீசஸ்’ என்றால் ‘பீஸ்களில் ஒவ்வொன்றும்’, ‘இஸ்’. அப்புறம், கைடு போட்டு மனப்பாடம் செய்கிற பிள்ளைகளை வருடக்கணக்கில் அழவைக்கிற ஒரு ஜோடி: ‘எ நம்பர் ஆஃப் பையர்ஸ்’, ‘தி நம்பர் ஆஃப் பையர்ஸ்’. முன்னால் இருக்கிற ஒரு ‘எ’வும் ஒரு ‘தி’யும்தான் வித்தியாசம், ஆனால் ஒன்றுக்கு ‘ஆர்’, இன்னொன்றுக்கு ‘இஸ்’. ஏன் என்று கைடில் இருக்காது. தமிழில் சொன்னால் மூன்று நொடி வேலை. முதலாவது ‘நிறைய பையர்கள்’, கடைசியில் பையர்கள். இரண்டாவது ‘பையர்களின் எண்ணிக்கை’, கடைசியில் எண்ணிக்கை. அவ்வளவுதான்.

இதை நான் ஏதோ மேதாவித்தனமாகக் கண்டுபிடித்தேன் என்று நினைக்காதீர்கள். அவமானப்பட்டுக் கற்றது. பல வருடத்துக்கு முன்னால் நான் பாடம் எடுத்த ஒரு கல்லூரியில், தேர்வான மாணவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மேலே என் கையால் ஒரு வரி: ‘தி லிஸ்ட் ஆஃப் செலக்டட் ஸ்டூடன்ட்ஸ் ஆர் கிவன் பிலோ’. மத்தியானம் போய்ப் பார்த்தால் ‘ஆர்’ மேல் மெல்லிசாக ஒரு பென்சில் கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘இஸ்’. என்னிடம் படித்த பிள்ளை யாரோதான். யார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரித்தால் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவன் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? அந்தத் தாளை மட்டும் கிழித்து வீட்டுக்கு எடுத்துப்போய் ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்களும் இதில் வழுக்குகிறார்கள் என்பது ஒரு ஆறுதல். 1991-இல் அமெரிக்காவில் கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். வாக்கியத்தின் முதல் பாதியைக் கொடுத்து, ஆங்கிலமே பேசி வளர்ந்த மாணவர்களை மீதியை முடிக்கச் சொன்னார்கள். ‘அலமாரிகளின் சாவி’ என்கிற மாதிரி, மாப்பிள்ளை ஒருமையாகவும் பக்கத்தில் நிற்பவர் பன்மையாகவும் இருந்தால் வினை பன்மைக்குச் சாய்ந்தது. ‘அலமாரியின் சாவிகள்’ மாதிரி திருப்பிப் போட்டால் தப்பு அபூர்வம். உங்கள் மூன்று வாக்கியமும் முதல் வகை. பன்மைக்கு அப்படி ஒரு இழுப்பு சக்தி இருக்கிறது. அவர்களைப் பக்கத்தில் நிற்கிற பன்மை இழுக்கிறது. நம்மை அதோடு சேர்த்து, பக்கத்தில் நிற்பவரே எஜமான் என்கிற தமிழ்ப் பழக்கமும் இழுக்கிறது.

நீங்கள் கேட்காத இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். இதைவிட இது நம் பக்கத்தில் அதிகம். ‘டென் பாக்ஸ் ஹேஸ் கம்’.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் லாரி வந்து நின்றதும் என்ன சொல்வார்கள்? ‘பத்து மூட்டை வந்திருக்குதுங்க.’ பத்து மூட்டைகள் என்று யாரும் சொல்வதில்லை, வந்திருக்கின்றன என்றும் சொல்வதில்லை. ‘பத்து’ என்ற ஒரு சொல்லே பன்மையைச் சுமந்துவிட்டது, மற்ற இரண்டும் கையை வீசிக்கொண்டு நடக்கின்றன. இது கொச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்தில் சீனாபுரத்துக்காரர் என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அவர் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்று ஒரு வகையே வைத்திருக்கிறார். ‘மாடு வந்தது’ என்றால் ஒரு மாடு. ‘மாடு வந்தன’ என்றால் பல மாடு. பெயர் மாறாது, வினைதான் எண்ணிக்கையைச் சொல்லும். பேச்சில் அந்த ‘வந்தன’வும் போய்விட்டது. அந்தியூர் சந்தையில் நூறு மாடு நின்றாலும் ‘மாடு வந்திருக்குது’தான்.

ஆங்கிலம் இந்தச் சிக்கனத்தை ஒத்துக்கொள்ளாது. எண்ணிலும் சொல், பெயரிலும் சொல், வினையிலும் சொல் என்று மூன்று இடத்தில் கேட்கும். ‘டென் பாக்ஸஸ் ஹேவ் கம்’. ஒரே பில்லுக்கு மூன்று கையெழுத்து வாங்குகிற ஆபீஸ் மாதிரி. ஒன்று கவனித்திருக்கிறேன்: ஆட்களைப் பற்றி எழுதும்போது நம் பிள்ளைகள் இவ்வளவு தப்பு செய்வதில்லை. ‘டெய்லருங்க வந்திருக்காங்க’ என்று உயர்திணைப் பன்மையைப் பேச்சிலும் விடாமல் வைத்திருக்கிறோம், அதனால் ‘தி டெய்லர்ஸ் ஹேவ் கம்’ தானாக வந்துவிடுகிறது. பெட்டி, பீஸ், பட்டன், ஜிப், லேபிள் என்று அஃறிணைக்கு வரும்போதுதான் கவனம் வேண்டும். மெர்ச்சண்டைசர் மெயிலில் முக்கால்வாசி அஃறிணைதானே.

ஆட்களிடமும் ஒரு இடத்தில் தடுக்கும். மரியாதை. முதலாளி சொன்னார் என்று நாம் சொல்வதில்லை, ‘முதலாளி சொல்லியிருக்காங்க’. அந்த ‘ஆங்க’ மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘தி எம்.டி. ஹேவ் அப்ரூவ்டு’ என்று எழுதிவிடுவோம். ஆங்கில வினைக்கு மரியாதை தெரியாது. எம்.டி.யாக இருந்தாலும் அந்த நாட்டு ராஜாவாக இருந்தாலும் ‘ஹேஸ்’தான். அவமரியாதை என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் பாருங்கள், ஒரு காலத்தில் அவர்களுக்கும் இந்த ‘ங்க’ இருந்தது. ‘யு’ என்பது முதலில் பன்மைச் சொல், நம் ‘நீங்கள்’ மாதிரி. ஒருவரைச் சொல்ல ‘தௌ’ என்று தனியாக ஒரு சொல் இருந்தது, நம் ‘நீ’. பெரியவர்களுக்கு மரியாதைக்காக ‘யு’ சொல்ல ஆரம்பித்து, அப்புறம் எதற்கு வம்பு என்று எல்லோருக்குமே ‘யு’ சொல்லிச் சொல்லி, 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப் பேச்சில் ‘தௌ’ ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. அதனால்தான் எதிரில் ஒரே ஆள் நின்றாலும் ‘யு ஆர்’, ‘யு ஹேவ்’. மூன்று வயதுக் குழந்தையைக்கூட ‘வாங்க சாமி, சாப்பிடுங்க’ என்று கூப்பிடுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகாது. ‘யு’வுக்கு ஏன் ‘ஆர்’ என்று யாராவது கேட்டால், அவர்களும் ஒரு காலத்தில் கோயம்புத்தூர்க்காரர்களாக இருந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது, வந்தன. பத்து முடிவு. இத்தனையையும் ஐந்து வயதுக்குள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கற்றவர் நீங்கள். ஆங்கில வினைக்கும் முன்பு விகுதிகள் நிறைய இருந்தன, உதிர்ந்து உதிர்ந்து நிகழ்காலத்தில் ஒரே ஒரு ‘எஸ்’ மிஞ்சியிருக்கிறது. இறந்தகாலத்தில் ‘வாஸ்’, ‘வேர்’ தவிர அதுவும் இல்லை. பத்தைச் சமாளித்தவருக்கு ஒன்று பெரிய விஷயம் இல்லை. ஆனால் அந்த ஒன்றும் குறும்புக்கார ‘எஸ்’. பெயரில் ஒட்டினால் பன்மை, வினையில் ஒட்டினால் ஒருமை. ‘தி பையர்ஸ் வான்ட்’, ‘தி பையர் வான்ட்ஸ்’. இரண்டிலும் ஒரு ‘எஸ்’தான், இங்கே இல்லாவிட்டால் அங்கே. ‘டஸ்’ வந்துவிட்டால் அந்த ‘எஸ்’ஸை அது எடுத்துக்கொண்டு போய்விடும், ‘தி பையர் டஸ் நாட் வான்ட்’ என்று நிறுத்திவிட வேண்டும். ‘டஸ் நாட் வான்ட்ஸ்’ என்று நம் ஆட்கள் எழுதுவதை வாரத்துக்கு நாலு தடவையாவது பார்க்கிறேன்.

சரி, தமிழில் சொல்லிப் பார்க்கிற வழி எப்போதும் கைகொடுக்குமா? கொடுக்காத இடங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ‘ஹாஃப்’, ‘மோஸ்ட்’, ‘சம்’, ‘ஆல்’, ‘ட்வென்டி பர்சென்ட்’ இவையெல்லாம் அளவுகள். ‘துணியில் பாதி’, ‘பீஸ்களில் பாதி’ என்று இரண்டிலும் ‘பாதி’தான் கடைசியில் நிற்கும், ஆனால் ஆங்கிலத்தில் ‘ஹாஃப் ஆஃப் தி ஃபேப்ரிக் இஸ்’, ‘ஹாஃப் ஆஃப் தி பீசஸ் ஆர்’. நம் பாட்டிமார் தானியத்தை வள்ளத்தில் அளந்தபோது வள்ளத்தையா பார்த்தார்கள்? உள்ளே இருப்பது கம்பா சோளமா என்றுதானே பார்த்தார்கள். அளவுச் சொல் வந்தால் வள்ளத்தை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். ‘ஐதர் – ஆர்’ (இந்த ‘ஆர்’ வேறு, ‘அல்லது’ என்று அர்த்தம்), ‘நைதர் – நார்’ வந்தால் வினைக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் ஆரத்தி: ‘நைதர் தி மேனேஜர் நார் தி டெய்லர்ஸ் வேர் தேர்’. இங்கே மட்டும் உங்கள் பழைய பழக்கம் சரியாகிவிடும்.

‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’ வந்தால் மாப்பிள்ளை வினைக்குப் பின்னால் வருகிறார் என்று அர்த்தம். ‘தேர் ஆர் டூ ஹோல்ஸ் இன் தி ஸ்லீவ்’. ஆங்கிலேயரே பேச்சில் ‘தேர்ஸ் டூ ஹோல்ஸ்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பேசட்டும், மெயிலில் நீங்கள் எழுத வேண்டாம்.

உங்கள் தொழிலில் புழங்குகிற சில சொற்களை மட்டும் அப்படியே மனதில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், காரணம் தேட வேண்டாம். ‘கூட்ஸ்’ எப்போதும் பன்மை: ‘தி கூட்ஸ் ஆர் ரெடி’. லெக்கிங்ஸ், ஷார்ட்ஸ், ட்ரவுசர்ஸ், கத்தரிக்கோலுக்கு ‘சிசர்ஸ்’ எல்லாம் இரண்டு கால் இருப்பதால் பன்மை. ‘திஸ் லெக்கிங்ஸ் இஸ்’ என்று எழுதாதீர்கள், ‘தீஸ் லெக்கிங்ஸ் ஆர்’. முன்னால் ‘எ பேர் ஆஃப்’ போட்டால் ஒருமையாகிவிடும். மெஷினரி, எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன் இவற்றுக்கு ‘எஸ்’ஸும் கிடையாது, ‘ஆர்’ரும் கிடையாது. அப்புறம் நாளும் பணமும். எண்ணி எண்ணிப் பார்க்காமல் ஒரே மூட்டையாகச் சொன்னால் ஒருமை. டெலிவரி தேதி பற்றிப் பையரிடம் மன்றாடும்போது ‘டென் டேஸ் இஸ் நாட் இனஃப்’ என்றுதான் எழுத வேண்டும். பத்து நாள் என்பது அங்கே பத்துத் தனித்தனி நாள் இல்லை, ஒரு அவகாசம். நம் ஆட்களே ‘பத்து நாள் போதாதுங்க’ என்றுதானே சொல்வோம், போதா என்று சொல்வதில்லை.

இனி வேலை நாளில் என்ன செய்வது? எழுதும்போது இதையெல்லாம் யோசித்தால் மெயில் நகராது. ஷிப்மென்ட் நாளில் யோசிக்கவும் நேரம் இருக்காது. முதலில் வாய்க்கு வந்தபடி எழுதி முடியுங்கள். அப்புறம் திரும்ப வந்து இஸ், ஆர், ஹேஸ், ஹேவ், வாஸ், வேர் என்ற ஆறு சொற்களை மட்டும் விரல் வைத்துத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, உன் மாப்பிள்ளை யார் என்று கேளுங்கள். வினைக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ‘ஆஃப்’ மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நிகழ்கால வினையில் ‘எஸ்’ஸையும் இப்படியே பார்க்கலாம், ஆனால் உங்கள் மெயிலில் தப்பு பெரும்பாலும் அந்த ஆறில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பத்து வரி மெயிலுக்கு இரண்டு நிமிஷம். ஒரு மாதத்தில் கை பழகிவிடும், அப்புறம் விரல் தேவைப்படாது.

அவசரத்துக்குத் தப்பித்துப் போகிற சந்து ஒன்றும் இருக்கிறது. ‘வில்’, ‘கேன்’, ‘ஷுட்’ போட்டால் ஒருமை பன்மை வித்தியாசமே இல்லை. ‘தி குவாலிட்டி ஆஃப் தி ஃபேப்ரிக்ஸ் வில் பி குட்’. இறந்தகாலத்திலும் அப்படித்தான்: ‘வி டிஸ்பாட்ச்டு’, ‘தே ரிசீவ்டு’. இருக்கிற உண்மையை மாற்றாமல் அப்படி எழுத முடிந்தால் எழுதுங்கள். கம்ப்யூட்டரே கோடு போட்டுக் காட்டுகிறதே என்றால், காட்டட்டும், நல்லதுதான். ஆனால் கோடு விழுந்த இடத்தில் ஏன் விழுந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அது சொன்னதையெல்லாம் தலையாட்டி ஏற்றுக்கொள்ள வேண்டி வரும். முதலிலிருந்து கிராமர் படிக்க வேண்டாம். முதலாளி மகன் எழுதுகிற நீளமான மெயில்களையும் இந்த ஆறு சொல்லோடு ஒரு நாள் படித்துப் பாருங்கள். ஏதாவது அகப்பட்டால் செக்கிங் டேபிளில் வைக்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் கடைசி வரி. ‘யுவர் ஃபேமிலி ஆர் ஆல்சோ ஃபைன்’ என்பதைத் திருத்த வேண்டியதில்லை. குடும்பம், டீம், கமிட்டி மாதிரிக் கூட்டத்தைக் குறிக்கிற சொற்களை அமெரிக்காக்காரர்கள் ஒருமையாக வைப்பார்கள். இங்கிலாந்தில் உள்ளே இருக்கிற ஆட்களை நினைத்துச் சொல்லும்போது பன்மையாகவும் வைப்பார்கள். சிகாகோ பையருக்கு எழுதினால் ‘இஸ்’ போடுங்கள், மான்செஸ்டர் பையருக்கு எழுதினால் எது வந்தாலும் விட்டுவிடுங்கள். எனக்கு எழுதும்போது ‘ஆர்’தான் வசதி. ‘இஸ்’ போட்டுக் குடும்பம் மொத்தமும் சௌக்கியம் என்று சொல்ல இந்த வாரம் வழியில்லை. வீட்டில் மற்ற எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், பேத்திக்கு மட்டும் இரண்டு நாளாகச் சளி.